அண்ணி சுட்ட பூண்டுக் குச்சிகள்

எங்கள் வீட்டுச் சமையலறை மேடையில், மிக்சிக்கும் சுவருக்கும் நடுவே, ஒரு வட்ட ஓவன் இருக்கிறது. அலுமினியத்தால் ஆனது. இட்லிப் பானையைவிடச் சற்று அகலம், உயரம் குறைவு. மூடியின் நடுவில் உள்ளங்கை அளவுக்கு ஒரு கண்ணாடி. உள்ளே இருப்பது வேகிறதா கருகுகிறதா என்று அதன் வழியாகக் குனிந்துதான் பார்க்க வேண்டும். சூட்டைக் கூட்டவோ குறைக்கவோ அதில் ஒரு திருகும் கிடையாது. சுவிட்சைப் போட்டால் சுடும், அணைத்தால் ஆறும். என் மகள் வாங்கிக் கொடுத்த புது ஓவன் பக்கத்திலேயே நிற்கிறது, அழுத்தினால் மணியெல்லாம் அடிக்கும். ஆனாலும் பூண்டுக் குச்சியை நான் இந்தப் பழையதில்தான் சுடுகிறேன். இது என் அண்ணியுடையது. இதைத் துடைக்கும்போதெல்லாம் அப்பா இடுப்பில் கைவைத்துக் குனிந்து அந்தக் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டு நின்றது ஞாபகம் வரும். கூடவே, நான் வாயைத் திறக்காமல் நின்ற ஒரு சாயங்காலமும் ஞாபகம் வரும். முதலாவதை மட்டும் நினைத்துக்கொள்ளத்தான் ஆசை. நினைவு அப்படிப் பிரித்துத் தருவதில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், சிங்காநல்லூரில், தொழிலாளர்களுக்காக வரிசையாகக் கட்டிய மில் லைன் வீடு ஒன்றில் நாங்கள் குடியிருந்தோம். அண்ணன் பட்டறையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தான். அண்ணி குன்னூர்க்காரர். அவருடைய அப்பா ஒரு எஸ்டேட் பங்களாவில் ஆயுசு முழுக்கச் சமையல் செய்தவர். கல்யாணச் சீரில் அண்டா, குடம், குத்துவிளக்கு எல்லாம் இறங்கிய பிறகு கடைசியாக இந்த ஓவனும் இறங்கியது. அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “பளபளன்னு நல்லாத்தான் இருக்குது. என்னத்துக்கு ஆகுமுங்க?” என்று சம்பந்தியிடமே கேட்டாள். அவர் சிரித்துக்கொண்டு, “புள்ளைக்குத் தெரியுமுங்க” என்றார். பிள்ளைக்குத் தெரிந்துதான் இருந்தது, ஆனால் செய்து காட்ட ஒரு வருஷம்வரை வாய்க்கவில்லை. ஓவன் கட்டிலுக்கு அடியில் அரிசிச் சாக்கைப் போர்த்திக்கொண்டு கிடந்தது.

அப்பா மில்லில் பஞ்சைப் பிரித்து உதறும் பகுதியில் வேலை செய்தார். இருபத்தெட்டு வருஷம். ஷிப்ட் முடிந்து வரும்போது புருவத்திலும் காதோரத்திலும் பஞ்சு ஒட்டியிருக்கும், சின்ன வயதில் நான் அதை ஊதி விளையாடியிருக்கிறேன். வெளியே ஒட்டிய பஞ்சை ஊதிவிடலாம், உள்ளே போனதை யாரும் ஊத முடியவில்லை. ஐம்பது தாண்டியபோது இருமல் பிடித்தது. பேசிக்கொண்டிருக்கும்போதே மூச்சு நின்று நின்று வரும். ஆஸ்பத்திரி டாக்டர் படமெடுத்துப் பார்த்துவிட்டு, டி.பி. இல்லை என்று சொன்னார். பஞ்சுத் தூசி பாதி, பீடி பாதி. தூசியை இனி ஒன்றும் செய்ய முடியாது, பீடியை இன்றோடு நிறுத்துங்கள் என்றார். டி.பி. இல்லை என்பது எங்களுக்குத் தெரியும். ஊருக்கு யார் சொல்வது? இருமுகிறவர் வீட்டில் பெண் எடுக்க அந்தக் காலத்தில் பத்துப் பேர் யோசிப்பார்கள். அம்மா மருந்துச் சீட்டை அரிசிப் பானைக்குள் போட்டு மூடினாள். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. கல்லூரி முடித்துவிட்டு மாப்பிள்ளை பார்க்கக் காத்திருந்தேன்.

அப்பா பீடியை நிறுத்தினார், அவருடைய கை நிறுத்தவில்லை. உட்கார்ந்த இடத்தில் இரண்டு விரலும் ஒன்றை ஒன்று தேடும். காதோரத்தைத் தடவிப் பார்ப்பார், அங்கேதான் எப்போதும் ஒரு பீடி செருகியிருக்கும். தீக்குச்சியை வைத்துக்கொள்வார், வேப்பங்குச்சியைக் கடிப்பார், பத்தாம் நாள் பக்கத்துக் கடையில் போய் நிற்பார். “கையி சும்மா இருந்தா மனசு சும்மா இருக்காது அம்மணி” என்று அண்ணியிடம் ஒரு நாள் சொன்னார். குற்றம் ஒப்புக்கொள்வதுபோல், தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். எங்களிடம் அவர் அப்படிப் பேசியதில்லை. மருமகளிடம் மாமனார் அதிகம் பேசக்கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம், அப்பாவுக்கு எப்படியோ அண்ணியிடம்தான் பேச்சு வந்தது.

அடுத்த நாளே அண்ணி கட்டிலுக்கு அடியிலிருந்து ஓவனை இழுத்துத் துடைத்தார். பஸ் ஸ்டாண்டு பக்கத்து பேக்கரியில் கெஞ்சி, பொட்டலத்தில் கொஞ்சம் ஈஸ்ட் வாங்கி வந்தார். மைதாவைப் பிசைந்து ஈரத்துணி போட்டு மூடி, வெயில் விழும் ஜன்னலோரம் வைத்தார். மாவு உப்பி வந்ததும் சிறு உருண்டைகளாகக் கிள்ளி, சப்பாத்திப் பலகையில் உள்ளங்கையால் உருட்டி நீட்டினார். வெண்ணெயை உருக்கி அதில் தட்டிய பூண்டைப் போட்டு, குன்னூரிலிருந்து கொண்டுவந்திருந்த ரோஸ்மேரி இலையைக் கசக்கித் தூவி, விரலால் தடவினார். பங்களாவில் துரைமார் சூப்போடு தின்ன அவருடைய அப்பா சுட்டுக் கொடுத்த குச்சியாம் அது. முதல் தடவை உப்பிப்போய்க் கட்டைவிரல் பருமனுக்கு வந்தது. அப்பா ஒன்றை எடுத்து விரலிடுக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, “இது பீடியில்ல அம்மணி, சுருட்டு” என்றார். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அந்த வீட்டில் அப்படிச் சிரித்து வெகு நாளாகியிருந்தது.

இரண்டாம் தடவை அண்ணி மாவை நூல் நூற்பதுபோல் மெல்லிசாக உருட்டினார். அதிக நேரம் விட்டு, கடித்தால் படக்கென்று ஒடியும்படி சுட்டார். ரோஸ்மேரி தீர்ந்துபோனதால் துணி துவைக்கும் கல் ஓரம் தானாக வளர்ந்து கிடந்த ஓமவல்லி இலையை நிழலில் உலர்த்திப் பொடித்துப் போட்டார். உண்மையைச் சொன்னால், அதுதான் இன்னும் நன்றாக மணந்தது. பத்துப் பத்தாக எடுத்து, வெள்ளை நூலால் நடுவில் ஒரு சுற்று, பீடிக்கட்டு மாதிரியே கட்டி, ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு அப்பா பக்கத்தில் வைத்தார். அப்பா காலையில் கட்டைப் பிரித்து ஒன்றை வாயில் வைப்பார், ஒன்றைக் காதில் செருகிக்கொள்வார். காதில் பூண்டுக் குச்சியோடு பால் வாங்கப் போவார். லைனில் எல்லோரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். குச்சி சுடும் நாளில் ஓவன் பக்கத்திலேயே நிற்பார், குனிந்து கண்ணாடி வழியே பார்ப்பார், “செவந்துபோச்சு அம்மணி, அணைச்சுரு” என்பார். ஏழு வாரம் அவர் பீடியைத் தொடவில்லை. இருமல் நின்றுவிடவில்லை, ஆனால் தெருமுனைவரை நிற்காமல் நடந்தார்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். பேக்கரி வாசலில் நின்று பன் தின்பது வேறு. எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டுக்குள் பிரெட் நுழைகிறதென்றால் அங்கே யாரோ படுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். காய்ச்சல்காரருக்குப் பாலில் நனைத்துக் கொடுப்பது பிரெட். ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போகிறவர்கள் சாத்துக்குடியோடு கொண்டுபோவது பிரெட். பூண்டு வாயுவுக்கு, பிள்ளை பெற்றவளுக்கு. ஓமவல்லி சளிக்கு. அண்ணியின் குச்சியில் இருந்தது ஒவ்வொன்றும் நோயாளிக்கு உரியது. அப்பாவுக்கு அது பொருத்தமாகவும் இருந்தது. அதை விருந்தாளி தட்டில் வைக்கலாம் என்று எங்கள் ஜில்லாவில் ஒரு பைத்தியத்துக்குத்தான் தோன்றும். எனக்குத் தோன்றியது.

பல்லடம் பக்கம் தறி வைத்திருக்கும் ஒரு குடும்பம் என்னைப் பெண் பார்க்க வந்தது. மாப்பிள்ளை படித்தவர், ஜாதகம் பொருந்தியிருந்தது, போட்டோ பார்த்துப் பிடித்துத்தான் வந்திருந்தார்கள். அப்பா வெள்ளை வேட்டி சட்டையில் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். இரும வேண்டாம் என்று அம்மா அவர் கையில் மிட்டாய் ஒன்றைக் கொடுத்து வைத்திருந்தாள். அண்ணி கேசரியும் வாழைக்காய் பஜ்ஜியும் தட்டுகளில் வைத்துவிட்டுக் காபி கலக்கத் திரும்பினார். நான் பட்டுப் புடவையில், தலை நிறையப் பூவோடு, சமையலறையில் நின்று அந்தத் தட்டைப் பார்த்தேன். எல்லா வீட்டிலும் வைக்கிற அதே கேசரி, அதே பஜ்ஜி. மில் லைனில் இருக்கிறவர்கள் என்றுதானே நினைப்பார்கள், எங்கள் வீட்டில் ஓவன் இருக்கிறது என்று இவர்களுக்குத் தெரிய வேண்டாமா என்று எனக்கு ஒரு கர்வம். ஹார்லிக்ஸ் பாட்டிலைத் திறந்து அப்பாவின் குச்சியில் பத்தை எடுத்து, நூலை அவிழ்த்து, பஜ்ஜி ஓரமாக விசிறிபோல் அடுக்கி, தட்டை நானே எடுத்துக்கொண்டு போனேன்.

மாப்பிள்ளையின் அம்மா நல்ல மனுஷி. இதை நான் சொல்லியே ஆகவேண்டும், பின்னாளில் எங்கள் வீட்டில் அந்த அம்மாளைப் பேசாத பேச்சில்லை. அவர் ஒரு குச்சியை எடுத்தார், ஒடித்தார், முகர்ந்து பார்த்தார். பூண்டும் ஓமவல்லியும் மணந்திருக்கும். நிஜமான அக்கறையோடுதான், குரலைத் தாழ்த்தி அம்மாவிடம் கேட்டார்: “பிரெட்டாட்டம் இருக்குதுங்களே. ஊட்டுல ஆருக்குங்க ஒடம்புக்கு முடியலை?”

“ஆருக்கும் ஒன்னுமில்லைங்க” என்று அம்மா சொன்னாள். கொஞ்சம் வேகமாகச் சொல்லிவிட்டாள். அதே சமயத்தில் அப்பா நாற்காலியிலிருந்து முன்னால் சாய்ந்து, “எனக்குத்தானுங்க” என்றார். சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு பெருமை. “பீடிய உட்டுப்போட்டேனுங்க. அதுக்குப் பதுலா என்ற மருமவ சுட்டுக் குடுக்கறாளுங்க.” அவ்வளவு நேரம் அடக்கி வைத்திருந்த இருமல் அந்த வார்த்தையோடு வெளியே வந்தது. வந்தால் நிற்காது. மாப்பிள்ளை எழுந்து தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். அந்த அம்மாள் கையிலிருந்த குச்சியை வாயில் வைக்காமல், தட்டின் ஓரத்தில் மெதுவாகத் திருப்பி வைத்தார். “போயிட்டுச் சொல்லி உடறோமுங்க” என்று கைகூப்பிவிட்டுப் போனார்கள். ஒன்றும் சொல்லி விடவில்லை.

கதவு சாத்தியதும் அம்மா சமையலறைக்கு வந்தாள். அவள் கத்தவில்லை. “அந்தக் குச்சியத் தட்டுல ஆரு வெச்சது?” என்று கேட்டாள். நான் சமையலறைச் சுவரில் மாட்டியிருந்த கண்ணாடி முன்னால் நின்று தலையிலிருந்து பூவை எடுத்துக்கொண்டிருந்தேன். அண்ணி என்னைத் திரும்பிப் பார்த்தார். குச்சியை அவர் வைக்கவில்லை என்பது அவருக்குத் தெரியும், யார் வைத்திருப்பார்கள் என்பதும் தெரியும், அந்தச் சமையலறையில் நாங்கள் இரண்டே பேர்தான் இருந்தோம். நான் சொல்வேன் என்று கொஞ்ச நேரம் பார்த்தார். என் கண்ணில் தண்ணீர் கட்டியிருந்ததையும் பார்த்திருப்பார். பிறகு அம்மா பக்கம் திரும்பி, “நாந்தானுங்க அத்தை. தெரியாம வெச்சுப்போட்டேன்” என்றார்.

அப்போதாவது நான் பேசியிருக்க வேண்டும். பேசவில்லை. நாளைக்குச் சொல்லலாம், அம்மாவின் கோபம் தணிந்த பிறகு சொல்லலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மறுநாள் காலையில் அம்மா ஓவனைச் சாக்கில் போட்டுக் கட்டிப் பரண்மேல் ஏற்றிவிட்டாள். “மலைப் பண்டமெல்லாம் மலையோட இருக்கட்டும்” என்றாள். அண்ணிதான் முக்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பாட்டிலில் மீதியிருந்த குச்சிகள் நான்கு நாளில் தீர்ந்தன. ஐந்தாம் நாள் அப்பா காலி பாட்டிலைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “குச்சி தீந்துபோச்சா அம்மணி?” என்று கேட்டார். “ஈஸ்ட் கெடைக்கலைங்க மாமா” என்று அண்ணி சொன்னார். அப்பா பாட்டிலை மூடி ஓரமாக வைத்தார். பரண்மேல் சாக்குமூட்டை இருப்பது அவருக்கும் தெரிந்திருந்தது. அடுத்த வாரம் கொல்லையில் துணி எடுக்கப் போனபோது பீடி வாசம் அடித்தது. துவைக்கிற கல்லுக்குப் பின்னால், ஓமவல்லிச் செடிக்குப் பக்கத்தில், அப்பா குத்த வைத்து உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் பீடியைக் கைக்குள் மறைத்துக்கொண்டார். பெற்ற மகளிடம் ஒளிக்கிற அளவுக்கு அவரைக் கொண்டுவந்து விட்டது நான். அதையும் அவரிடம் சொல்லவில்லை.

அப்பா அடுத்த வருஷம் ஐப்பசி மழையில் போய்ச் சேர்ந்தார். குச்சி இருந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று நான் சொல்ல மாட்டேன், டாக்டரும் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் அந்த ஏழு வாரத்தைப்போல இன்னும் சில ஏழு வாரங்கள் அவருக்குக் கிடைத்திருக்கும். காதில் குச்சியோடு தெருவில் சிரித்துக்கொண்டு நடந்திருப்பார். அந்தக் கணக்கை நான் யாரிடமும் போய்த் தீர்க்க முடியாது.

எனக்கு அதன்பின் வேறு இடத்தில் கல்யாணம் நடந்தது, நல்ல மனிதர், குறையில்லை. அண்ணனும் அண்ணியும் தனிவீடு போனபோது ஓவனும் போனது. அண்ணி தன் பிள்ளைகளுக்கு அதில் பன்னும் கேக்கும் சுட்டார். அம்மா அந்த வீட்டுக்குப் போவாள், சாப்பிடுவாள், அந்த ஓவனில் சுட்டதை மட்டும் தொடமாட்டாள். “எனக்கு என்ன, காய்ச்சலா?” என்பாள். எங்கள் சொந்தத்தில் எந்த வீட்டில் பெண் பார்க்க வந்தாலும், “தட்டுல வெக்கறதப் பாத்து வெக்கோணும்” என்று யாராவது சொல்வார்கள், எல்லோரும் அண்ணியைப் பார்த்துச் சிரிப்பார்கள். அண்ணியும் சிரிப்பார். இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் அந்தச் சிரிப்பில் நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். அண்ணி ஒரு தடவைகூட, தனியாக இருக்கும்போதுகூட, அந்தப் பேச்சை எடுக்கவில்லை. எடுத்திருந்தால் நான் காலில் விழுந்திருப்பேன் என்று நினைத்துக்கொள்வேன். எடுக்காதவரை விழ வேண்டியதில்லை என்கிற நிம்மதியும் எனக்கு இருந்தது.

இரண்டு வருஷத்துக்கு முன் அண்ணி மாரடைப்பில் திடீரென்று போய்விட்டார். காரியம் முடிந்த மறுநாள், பெண்கள் எல்லோரும் அண்ணன் வீட்டுக் கூடத்தில் பாத்திரங்களை எடுத்து வைத்துக்கொண்டிருந்தோம். அம்மா சுவரில் சாய்ந்திருந்தாள். எண்பது தாண்டிவிட்டாள். “தங்கமான புள்ள” என்று சொல்லி அழுதாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அந்த ஒரு நாளு மட்டும்தான் புத்தி கெட்டுப்போச்சு அவளுக்கு” என்றாள். செத்த பிறகும் அண்ணியின் பெயரோடு அது ஒட்டிக்கொண்டிருந்தது. நான் கையிலிருந்த குண்டாவைக் கீழே வைத்தேன். “அன்னைக்குக் குச்சிய வெச்சது அண்ணி இல்லைங்கம்மா. நான்” என்றேன். எல்லோர் முன்னாலும்தான் சொன்னேன். அதில் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை. கேட்க வேண்டியவர் கேட்க முடியாதபோது சொன்னேன்.

அம்மா சுவரிலிருந்து நிமிர்ந்து உட்கார்ந்தாள். என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். “அவ எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே” என்றாள். கொஞ்சம் கழித்து மறுபடியும், “ஒரு வார்த்தை சொல்லலையே கண்ணு” என்றாள். அன்று அவள் சாப்பிடவில்லை.

வருஷம் திரும்பும்வரை படையல் எதுவும் கிடையாது. அடுத்த ஆடி அமாவாசை நெருங்கியபோது அம்மா எனக்குப் போன் செய்தாள். அப்பாவின் படையலில் அவருக்குப் பிடித்ததெல்லாம் வைப்போம்: கொள்ளுப் பருப்பு, ஒப்புட்டு என்கிற போளி, வெற்றிலை, கூடவே ஒரு பீடிக்கட்டு. செத்தவருக்குப் பிடித்ததை மறுக்கக்கூடாது என்று வருஷா வருஷம் அம்மாதான் அதை வாங்கி வைப்பாள். “இந்தத் தடவ பீடி வேண்டாம்” என்றாள் போனில். “அந்தக் குச்சி உனக்குச் சுடத் தெரியுமா?”

இரண்டு நாள் முன்னதாகவே அண்ணன் வீட்டுக்குப் போனேன், அண்ணன் ஓவனை எடுத்து, இனி நீயே வைத்துக்கொள் என்று கொடுத்தான். சாக்கிலிருந்து எடுத்தபோது மூடியின் உள்பக்கம் வெண்ணெய்ப் பிசுக்கு இருந்தது, அண்ணி கடைசியாக எதையோ சுட்டது. எனக்குச் செய்முறை தெரியும், கை தெரியவில்லை. முதல் தடவை கருகியது, இரண்டாம் தடவை சுருட்டானது. மூன்றாம் தடவை மெல்லிசாக வந்தது. கண்ணாடி வழியே குனிந்து பார்த்து, சிவந்ததும் அணைத்தேன். பத்தை எடுத்து வெள்ளை நூலால் நடுவில் ஒரு சுற்றுச் சுற்றிக் கட்டினேன். இன்னொரு பத்துக்கும் ஒரு கட்டு.

அமாவாசையன்று அண்ணன் வீட்டுக் கூடத்தில் அப்பா படத்துக்குப் பக்கத்தில் அண்ணியின் படமும் மாலையோடு இருந்தது. இரண்டு இலை போட்டிருந்தார்கள். அப்பாவின் இலையில் அம்மா தன் கையால் ஒரு கட்டை வைத்தாள். இன்னொரு கட்டைக் கையில் பிடித்துக்கொண்டு அண்ணியின் இலை முன்னால் நின்றாள். பிறகு சுற்றிலும் நின்ற சொந்தக்காரர்களைப் பார்த்துவிட்டு, என் பக்கம் திரும்பி, “இத ஆரு வெக்கறது?” என்று கேட்டாள்.

“நாந்தானுங்கம்மா” என்று சொல்லி, வாங்கி வைத்தேன். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கற்பூரம் காட்டி, காக்கைக்கு வைத்துவிட்டு வந்த பிறகு, அம்மா அண்ணியின் இலையிலிருந்து ஒரு குச்சியை எடுத்தாள். அவளுக்கு முன்பல் இல்லை. ஒடித்துச் சின்னத் துண்டாக்கி வாயில் போட்டு ஊறவிட்டாள். கண்ணை மூடிக்கொண்டு மெதுவாக மென்றாள். “இதையா அந்தம்மா கீழ வெச்சுட்டுப் போனா” என்றாள். மிச்சத்தையும் தின்றாள். நான் அடுக்களைக்குப் போய் ஓவன் மூடியின் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தேன்.